பேக்கப் ஓடும்போது சர்வர் விழுகிறதா? காரணத்தைத் தேடிப் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

பகல் முழுக்க ஆயிரம் பேர் வந்துபோனாலும் அசையாத சர்வர், ஆள் நடமாட்டமே இல்லாத அதிகாலை 2 மணிக்கு விழுகிறது. மறுநாளும் அதே நேரம். அந்த நேரத்தில் அங்கே நடப்பது பேக்கப் ஒன்றுதான் என்பதால் பழி நேராக ஸ்கிரிப்ட் மேல் விழும். அதை நிறுத்தி வைத்தால் சர்வரும் விழாது. எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள், டிஸ்க் போகிற நாள் வரைக்கும்.

நான் பேக்கப்பைக் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. டிஸ்கின் மூலைமுடுக்கை எல்லாம் தொட்டுப் படிக்கிற வேலை ஒரு நாளில் அது மட்டும்தான். வருஷக்கணக்காக யாரும் திறக்காத ஃபைலைத் திறக்கும், ப்ராசஸரைப் பிழியும், ரேமைக் கேட்கும், நெட்வொர்க்கை அடைக்கும், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யும். கூரையில் எங்கே ஓட்டை என்பது மழை பெய்தால்தானே தெரிகிறது. நாம் தேட வேண்டியது ஓட்டையை.

இங்கே நான் எடுத்துக்கொள்வது பரவலாகப் புழங்கும் அமைப்பு: டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸ், அதில் மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி டேட்டாபேஸ், க்ரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கருவி) வழியாக இரவில் ஓடும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்திலேயே அடியுங்கள்.

படி 1: 'விழுந்தது' என்றால் என்ன?

வாடிக்கையாளர் எல்லாவற்றுக்கும் 'சர்வர் டவுன்' என்று ஒரே வார்த்தைதான் சொல்வார். அதற்குள் நான்கு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கும். மெஷினே ரீபூட் ஆகியிருக்கலாம். மெஷின் உறைந்திருக்கலாம்: பிங் போட்டால் பதில் வரும், எஸ்எஸ்ஹெச்சில் நுழைய முடியாது. (பிங்குக்கு லினக்ஸின் மையமான கெர்னலே பதில் சொல்லிவிடும். லாகின் செய்ய டிஸ்க்கைப் படித்தாக வேண்டும், அங்கேதான் சிக்கல்.) மெஷின் நன்றாக இருக்க, டேட்டாபேஸ் மட்டும் செத்திருக்கலாம். அல்லது எதுவுமே சாகாமல், எல்லாரும் யாருக்காகவோ காத்துக்கொண்டு வரிசையில் நிற்கலாம்.

எது என்று பிரிக்க இரண்டு நிமிஷம் போதும். 'அப்டைம்' அடியுங்கள். எண் பெரியதாக இருந்தால் ரீபூட் ஆகவில்லை. சிறியதாக இருந்தால் 'லாஸ்ட் மைனஸ் எக்ஸ்' அடித்துப் பாருங்கள். ரீபூட்டுக்கு முந்தைய நேரத்தில் (பட்டியலில் அது கீழே இருக்கும்) ஷட்டவுன் வரி இல்லையென்றால், அது யாரோ முறைப்படி நிறுத்தியது அல்ல, திடீர் மரணம். டேட்டாபேஸுக்கு 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' எத்தனை மணியிலிருந்து ஓடுகிறது என்று காட்டும். அது 2:17 என்றால் கதை பாதி புரிந்துவிட்டது.

நேரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் வரும். அதில் க்ரானில் 2 மணி என்று எழுதினால் இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 7:30. கடை திறக்கும் நேரம், பள்ளிக்கூட ஆப்பில் அம்மாக்கள் நுழையும் நேரம். இங்கே இரவு 2 மணிக்கு ஓட வேண்டுமென்றால் யூடிசியில் முந்தின நாள் 20:30. 'டைம்டேட்சிடிஎல்' அடித்து எந்த நேரம் என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். லாகைப் படிக்கும்போதும் இந்த ஐந்தரை மணி நேரம் ஆளைக் குழப்பும்.

படி 2: சாட்சிகளைச் சேர்த்து வையுங்கள்

மருந்து கொடுக்கும் முன் இன்னும் ஒரு இரவு விழட்டும் என்று விடுவது கசப்பான முடிவுதான். ஆனால் தடயம் இல்லாமல் ஆளுக்கொரு அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்து இரண்டு வாரம் வீணாவதைவிட இது மேல்.

லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் லாகான ஜர்னல் ரீபூட்டுக்குப் பின்னும் நிற்கிறதா என்று பாருங்கள். '/வார்/லாக்/ஜர்னல்' என்ற ஃபோல்டர் இல்லாத மெஷினில், வழக்கமான அமைப்பின்படி, ஜர்னல் ரேமில்தான் இருக்கும், ரீபூட்டோடு போய்விடும். ஃபோல்டரை உருவாக்கி ஜர்னல் சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அடுத்த முறை விழுந்து எழுந்ததும் 'ஜர்னல்சிடிஎல் மைனஸ் பி மைனஸ் 1' அடித்தால் முந்தைய வாழ்வின் கடைசி வரிகள் கிடைக்கும்.

அடுத்தது ஸ்கிரிப்ட். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னும் பின்னும் 'லாகர்' கட்டளையால் ஒரு வரி எழுதுங்கள்: டம்ப் (டேட்டாபேஸை ஃபைலாக எழுதுவது) தொடங்கியது, டம்ப் முடிந்தது, டார் (ஃபைல்களை ஒரே கட்டாகக் கட்டுவது) தொடங்கியது, வெளியே அனுப்பத் தொடங்கியது. ஐந்தாறு வரி வேலைதான். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைச் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். டம்ப் நடக்கும்போது செத்தால் ஒரு வழி, டார் நடக்கும்போது செத்தால் வேறு வழி.

மூன்றாவது, அளவீடு. சர்வரின் சுமையைக் குறித்து வைக்கும் சிஸ்ஸ்டாட் நல்லதுதான், ஆனால் வழக்கமாக 10 நிமிஷத்துக்கு ஒருமுறைதான் குறிப்பெடுக்கும். நமக்கு வேண்டியது அந்த இடைவெளிக்குள் நடந்தது. பேக்கப்புக்கு ஐந்து நிமிஷம் முன்பே 'விஎம்ஸ்டாட் மைனஸ் டி 5' என்று ஓடவிட்டால் 5 விநாடிக்கு ஒரு வரி நேரத்தோடு சேரும். அதை எழுதும் இடம் முக்கியம். டிஸ்க் மேலேயே சந்தேகம் இருக்கும்போது அதே டிஸ்கில் எழுதுவது, திருடன் கையில் சாவி கொடுத்த கதை. எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு மெஷினில் எழுதுங்கள். கெர்னல் செய்திகளுக்கு 'நெட்கன்சோல்' இருக்கிறது. டிஸ்க் உறைந்தாலும் யூடிபி வழியாகக் கடைசி வார்த்தையை அனுப்பிவிடும்.

படி 3: ரேம்

சிறிய சர்வர்களில் நான் முதலில் பார்ப்பது இதை. ஜர்னலில் 'அவுட் ஆஃப் மெமரி: கில்ட் ப்ராசஸ்' என்ற வரியைத் தேடுங்கள். இருந்தால் கெர்னலின் ஓஓஎம் கில்லர் வந்து போயிருக்கிறது. ரேம் தீர்ந்தால் கெர்னல் ஒரு ப்ராசஸைப் பலி கொடுக்கும். யாரை என்றால், பெரும்பாலும் அதிக ரேம் வைத்திருப்பவரை. சர்வரில் அந்தப் பெரிய ஆள் வழக்கமாக டேட்டாபேஸ், அதன் பஃபர் பூல் (தரவை ரேமிலேயே வைத்திருக்கும் இடம்) காரணமாக. தின்றது கம்ப்ரஸ் செய்யும் ப்ரோக்ராம், தண்டனை மைஎஸ்க்யூஎல்லுக்கு. அந்த வரியில் யார் பெயர் இருக்கிறது என்பதைவிட, அதற்கு மேலே கெர்னல் அச்சிடும் ப்ராசஸ் பட்டியலில் புதிதாக யார் வந்திருக்கிறார் என்று பாருங்கள்.

பலமுறை அந்தப் புது ஆள் 'எக்ஸ்இசட்' என்ற சுருக்கும் ப்ரோக்ராமாக இருக்கும். 'மைனஸ் 9' அளவில் அதற்குச் சுருக்க மட்டும் 674 எம்ஐபி (கிட்டத்தட்ட எம்பி) ரேம் வேண்டும். வழக்கமான 'மைனஸ் 6' அளவில் 94 எம்ஐபி போதும். அதோடு எல்லா கோரையும் பயன்படுத்தச் சொல்லும் 'மைனஸ் டி 0' சேர்ந்தால், குறிப்பாகப் பழைய பதிப்புகளில், தேவை த்ரெட் எண்ணிக்கையோடு பெருகும். நாலு ஜிபி மெஷினில் இது தற்கொலை. 'இசட்எஸ்டிடி'க்கு மாறுங்கள், வழக்கமான அளவிலேயே விடுங்கள். டம்ப் ஸ்கிரிப்டில் யாராவது 'ஸ்கிப்-ஆப்ட்' போட்டு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது 'க்விக்' அமைப்பையும் சேர்த்து அணைத்துவிடும். அப்புறம் மைஎஸ்க்யூஎல்டம்ப் ஒரு முழு டேபிளையும் ரேமில் ஏற்றிய பிறகுதான் எழுதத் தொடங்கும்.

வீண் பயம் ஒன்று உண்டு. பேக்கப் நேரத்தில் 'ஃப்ரீ' கட்டளை காட்டும் காலி ரேம் பூஜ்யத்தை நெருங்கும். அது படித்த ஃபைல்கள் கேஷில் தங்குவதால் வருவது, தேவைப்பட்டால் கெர்னல் திரும்ப எடுத்துக்கொள்ளும். பார்க்க வேண்டிய நிரல் 'அவைலபிள்'.

தீர்வு, பேக்கப்பை ஒரு கூண்டில் அடைப்பது. ஸ்கிரிப்டை க்ரானிலிருந்து எடுத்து ஒரு சிஸ்டம்டி சேவையாகவும் டைமராகவும் மாற்றுங்கள். அதில் 'மெமரிஹை', 'மெமரிமேக்ஸ்' இரண்டும் போட்டால், எல்லை தாண்டும்போது சாவது பேக்கப்தான், டேட்டாபேஸ் அல்ல. டேட்டாபேஸ் சேவைக்கு 'ஓஓஎம்ஸ்கோர்அட்ஜஸ்ட்' மைனஸ் 600 போலக் கொடுக்கலாம். மைனஸ் 1000 வேண்டாம். அது கெர்னல் தொடவே கூடாத ஆளாகிவிடும், அப்போது எஸ்எஸ்ஹெச், வெப் சர்வர் என்று அக்கம்பக்கத்தார் சாவார்கள். ஸ்வாப்பே (ரேமுக்குத் துணையாக டிஸ்கில் ஒதுக்கும் இடம்) இல்லாத மெஷினில் ஒன்றிரண்டு ஜிபி ஸ்வாப் வையுங்கள். வியாதி குணமாகாது, மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

படி 4: இடம் தீர்ந்து, பிறகு தானாக வந்தது

இதில் ஏமாறாத அட்மின் இருக்க முடியாது. காலையில் 'டிஎஃப் மைனஸ் எச்' அடித்தால் 40 சதவீதம் காலி. இடப் பிரச்சினை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் 2:40க்கு டிஸ்க் நூறு சதவீதம் நிரம்பியது, ஸ்கிரிப்ட் தோற்றது, தோற்றதும் தன் தற்காலிக ஃபைலை ஒழுங்காக அழித்துவிட்டுப் போனது. அந்த நல்ல பிள்ளைத்தனம்தான் தடயத்தைத் துடைத்தது. அதனால் இரவு முழுக்க நிமிஷத்துக்கு ஒருமுறை டிஎஃப் அளவையும் குறித்து வையுங்கள்.

ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று (முழு அதிகாரமுள்ள கணக்கு) ஒதுக்கி வைக்கும், சாதாரண ப்ராசஸ்கள் நிரப்பினாலும் மெஷின் மூச்சுவிட. ஆனால் பேக்கப் ஓடுவதே ரூட்டாக! அது அந்த ஒதுக்கீட்டையும் தின்றுவிட்டுத்தான் நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையின் பில்லிங் சர்வர் என் பொறுப்பில் இருந்தது. பேக்கப் போவது நெட்வொர்க்கில் இருந்த என்ஏஎஸ் என்ற டிஸ்க் பெட்டிக்கு. ஒருநாள் மின்வெட்டுக்குப் பிறகு அந்தப் பெட்டி எழவில்லை, மவுன்ட் ஆகவில்லை (சர்வரின் ஃபோல்டரோடு இணையவில்லை). மவுன்ட் ஆக வேண்டிய ஃபோல்டர் வெறும் ஃபோல்டராகச் சர்வரின் சொந்த டிஸ்கில் கிடந்தது. ஸ்கிரிப்டுக்கு வித்தியாசம் தெரியுமா? மூன்று இரவுகள் அங்கேயே எழுதியது, நான்காம் நாள் பில் போட முடியவில்லை. என்ஏஎஸ்ஸைச் சரிசெய்து மவுன்ட் செய்ததும் அந்த மூன்று நாள் ஃபைல்களும் மவுன்டுக்கு அடியில் மறைந்துவிட்டன. இடம் எங்கே போனது என்று அரை நாள் தேடினேன். அன்றிலிருந்து எழுதுவதற்கு முன் 'மவுன்ட்பாயின்ட் மைனஸ் க்யூ' சோதனை இல்லாமல் நான் ஸ்கிரிப்ட் எழுதுவதில்லை. மவுன்ட் ஆகாத நிலையில் அந்த வெறும் ஃபோல்டருக்கு 'சிஹெச்ஏடிடிஆர் ப்ளஸ் ஐ' போட்டுவிட்டால் ரூட்டால்கூட அதில் எழுத முடியாது, இன்னும் நல்லது.

மிச்சமுள்ளவை சின்ன விஷயங்கள். பேக்கப் ஃபோல்டரே பேக்கப் பட்டியலுக்குள் இருக்கிறதா, 'டிஎஃப் மைனஸ் ஐ' காட்டும் ஐநோடுகள் (ஃபைலுக்கு ஒன்று வீதம் செலவாகும் பதிவிடங்கள்) தீர்ந்தனவா, அழித்த பிறகும் ஏதோ ஒரு ப்ராசஸ் பிடித்து வைத்திருக்கும் ஃபைல்கள் உண்டா ('எல்எஸ்ஓஎஃப் ப்ளஸ் எல் 1'). பார்த்துவிட்டு நகருங்கள்.

படி 5: டிஸ்க் மூச்சு முட்டுவது

ஜர்னலில் 'டாஸ்க் ... ப்ளாக்ட் ஃபார் மோர் தேன் 120 செகண்ட்ஸ்' என்ற வரி வந்திருந்தால், ஒரு ப்ராசஸ் டிஸ்க்குக்காகவோ என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் டிஸ்க்குக்காகவோ இரண்டு நிமிஷத்துக்கு மேல் அசையாமல் நின்றிருக்கிறது. சர்வர் சாகவில்லை, வரிசையில் நிற்கிறது. விஎம்ஸ்டாட் பதிவில் 'பி' நிரல் (இப்படிக் காத்து நிற்பவர்களின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போயிருக்கும். 'ஐஓஸ்டாட் மைனஸ் எக்ஸ்' போட்டால் எந்த டிஸ்க், எத்தனை மில்லிவிநாடி காத்திருப்பு என்பது தெரியும்.

இதற்கு எல்லோரும் சொல்லும் கைவைத்தியம் 'ஐஓநைஸ் மைனஸ் சி 3', அதாவது டிஸ்க் சும்மா இருக்கும்போது மட்டும் படி என்று சொல்லும் ஐடில் வகுப்பு. அது எப்போதும் வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். ஐடில் வகுப்பை முறையாக மதித்த சிஎஃப்க்யூ ஷெட்யூலர் (டிஸ்க் கோரிக்கைகளை வரிசைப்படுத்துவது) 2019-இல் வந்த லினக்ஸ் 5.0-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. இன்று பிஎஃப்க்யூ ஷெட்யூலர் இருந்தால் பலன் உண்டு. மெய்நிகர் சர்வர்களில், என்விஎம்இ டிஸ்குகளில் ஷெட்யூலர் பெரும்பாலும் 'நன்', அதாவது ஒன்றுமில்லை. அங்கே ஐஓநைஸ் வெறும் அலங்காரம். படிக்கும் வேகத்தையே கட்டுப்படுத்துவதுதான் உறுதியான வழி: ஆர்சிங்க் என்றால் 'பிடபிள்யூலிமிட்', குழாய் (பைப்) வழியாக ஒரு கட்டளையிலிருந்து அடுத்ததற்குப் போவது என்றால் 'பிவி'யின் வேக எல்லை, சிஸ்டம்டி என்றால் 'ஐஓரீட்பேண்ட்விட்த்மேக்ஸ்'.

மோதல்களையும் பாருங்கள். நேற்றைய பேக்கப் முடியாமல் இன்றையது தொடங்குகிறதா? 'எஃப்லாக் மைனஸ் என்' ஒரு வரியில் தடுத்துவிடும். மாதத்தில் ஒருநாள் மட்டும் விழுகிறதா? டெபியனில் எம்டிஏட்மின் ரெய்டு (பல டிஸ்குகளை ஒன்றாக இணைப்பது) வைத்திருந்தால், மாதத்தின் முதல் ஞாயிறு 00:57-க்கு முழு ரெய்டையும் படித்துச் சரிபார்க்கும் வேலை ஒன்று வழக்கமாகவே இருக்கும். பெரிய டிஸ்க் என்றால் அது விடியும்வரை ஓடும், நடுவில் உங்கள் பேக்கப் வந்து இடிக்கும்.

தொடங்கி அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு படுத்தால்? அமேசான் கிளவுடில் 'ஜி-பி-2' வகை வால்யூமா என்று பாருங்கள். அதற்கு ஒரு ஜிஐபிக்கு நொடிக்கு 3 ஐஓ (படிப்பது அல்லது எழுதுவது) என்ற அடிப்படை வேகம், 54 லட்சம் கிரெடிட் கையிருப்பு, அது உள்ளவரை 3000 வேகம். 100 ஜிஐபி வால்யூமில் பேக்கப் முழு வேகத்தில் ஓடினால் கையிருப்பு 2000 விநாடியில், அதாவது 33 நிமிஷத்தில் தீரும். அதன்பின் வேகம் 300. பத்தில் ஒரு பங்கு. 'ஜி-பி-3'க்கு மாறினால் கிரெடிட் கணக்கே இல்லை.

படி 6: டேட்டாபேஸ் பூட்டு

சர்வர் உயிரோடு இருந்தும் தளம் திறக்கவில்லை என்றால் இங்கே வாருங்கள். மைஎஸ்க்யூஎல்டம்ப் தானாக டேபிள்களைப் பூட்டிவிட்டுத்தான் படிக்கும். 'சிங்கிள்-ட்ரான்ஸாக்‌ஷன்' கொடுத்தால் பூட்டாமல் ஒரே கணத்தின் படத்தை எடுக்கும், ஆனால் இன்னோடிபி வகை டேபிள்களுக்கு மட்டும். பழைய அப்ளிகேஷனிலிருந்து தப்பிப் பிழைத்த, மைஐசாம் என்ற பழைய வகை டேபிள் ஒன்று இருந்தால் அதன் நகல் முரணாகிவிடும். அதை இன்னோடிபிக்கு மாற்றுவதே நல்லது.

பூட்டு விழுந்தால் நடப்பது சங்கிலி. எழுத வந்த கோரிக்கை நிற்கும், அதைப் பெற்ற பிஹெச்பி ப்ராசஸ் நிற்கும், பயனர் பொறுமையிழந்து ரீஃப்ரெஷ் அடிப்பார், இன்னொரு ப்ராசஸ் பிறக்கும். மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான இணைப்பு எல்லை 151. அது நிரம்பியதும் 'டூ மெனி கனெக்‌ஷன்ஸ்'. நிற்கும் பிஹெச்பி ப்ராசஸ்கள் ரேமையும் பிடித்துக்கொண்டே நிற்பதால் சிலசமயம் கதை படி 3-இல் போய் முடியும். ஓஓஎம் என்று நினைத்து ரேம் வாங்கிப் போட்டவர்கள் உண்டு.

குறிப்பாகக் கவனியுங்கள்: பேக்கப் கருவி முழு டேட்டாபேஸுக்கும், படிக்க மட்டும் விடும் பூட்டைக் கேட்கும்போது, ஏற்கனவே ஒரு நீண்ட ரிப்போர்ட் வினவல் ஓடிக்கொண்டிருந்தால், பூட்டு அதற்குப் பின்னால் காத்திருக்கும். எழுத வருபவர்கள் எல்லாரும் பூட்டுக்குப் பின்னால். யாரும் எதுவும் செய்யாமலே எல்லாம் நின்றுவிடும். அந்த நேரத்தில் 'ஷோ ஃபுல் ப்ராசஸ்லிஸ்ட்' எடுத்து ஒரு ஃபைலில் போட்டு வைத்தால் வரிசையின் தலையில் யார் என்று தெரியும். வசதி இருந்தால் ஒரு ரெப்ளிகா (தொடர்ந்து ஒத்துவரும் இரண்டாம் டேட்டாபேஸ்) வைத்து அதிலிருந்து பேக்கப் எடுங்கள், இந்தப் படி முழுவதும் மறைந்துபோகும்.

படி 7: ஸ்னாப்ஷாட்

சிலர் டிஸ்கை ஒரு கணத்தில் உறையவைத்த படத்திலிருந்து, அதாவது ஸ்னாப்ஷாட்டிலிருந்து, பேக்கப் எடுப்பார்கள். டிஸ்க் இடத்தைப் பங்கிடும் எல்விஎம்மின் பழைய வகை ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பினால் ஸ்னாப்ஷாட் மட்டும் செல்லாததாகும், மூலம் பிழைக்கும். தின் பூல் (பல வால்யூம்கள் பகிரும் பொது இடம்) நிரம்பினால் அதிலுள்ள எல்லா வால்யூமும் ஆபத்தில். 'எல்விஎஸ்' காட்டும் சதவீதத்துக்கு அலாரம் வையுங்கள். மெய்நிகர் மெஷின்களை நடத்தும் ப்ராக்ஸ்மாக்ஸில் ஓடும் மெஷின் என்றால், பேக்கப் போய்ச்சேரும் இடம் மந்தமாக இருந்தால் உள்ளே எழுதுவதும் மந்தமாகும். பழைய தரவை அங்கே நகலெடுத்த பிறகே புதியதை எழுத விடுகிறது. 2024-இல் வந்த 8.2 பதிப்பின் 'ஃப்ளீசிங்' வசதி நடுவில் ஒரு வேகமான உள்ளூர் டிஸ்கை வைத்து இதைத் தவிர்க்கிறது.

படி 8: எந்த வரியும் இல்லாமல் ரீபூட்

லாகில் ஒன்றுமே இல்லை, ஒரு நொடி இருந்தது, மறுநொடி இல்லை. இப்போது ஹார்ட்வேர் பக்கம் திரும்பலாம். 'ஸ்மார்ட்சிடிஎல் மைனஸ் ஏ' காட்டும் பட்டியலில் 5-ஆம் வரியிலும் 197-ஆம் வரியிலும் (கெட்டுப்போன, சந்தேகத்துக்குரிய செக்டார்களின் எண்ணிக்கை) கடைசி நிரல் பூஜ்யமாக இல்லாவிட்டால் டிஸ்க் நோயாளி. கெட்ட செக்டார் பல மாதம் தூங்கிக் கிடக்கும், பேக்கப் வந்து தட்டி எழுப்பும். சாதாரண டிஸ்க் அந்தச் செக்டாரைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும், லினக்ஸ் வழக்கமாக 30 விநாடிதான் பொறுக்கும், அப்புறம் டிஸ்கையே ரீசெட் செய்யும். சொந்தப் பெட்டி என்றால் 'ஐபிஎம்ஐடூல் செல் லிஸ்ட்' எடுத்துச் சூடு, மின்சப்ளை, ரேம் பிழை ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

சந்தேகம் தீர ஒரு சோதனை: பேக்கப்பே இல்லாமல் விழவைத்துப் பாருங்கள். நல்ல நகல் ஒன்று கையில் இருக்கும்போது, பராமரிப்பு நேரம் சொல்லிவிட்டு, 'டிடி' கொண்டு முழு டிஸ்கையும் நல் டிவைஸுக்கு (வருவதை எல்லாம் விழுங்கிவிடும் வெற்று இடம்) படியுங்கள். விழுந்தால் பேக்கப் நிரபராதி. விழாவிட்டால் டம்ப்பை மட்டும் ஓட்டுங்கள், பிறகு டாரை மட்டும். டாரில் ஒரு கண்ணி இருக்கிறது: வெளியீடு நேராக நல் டிவைஸ் என்று கண்டால் க்னு டார் ஃபைல்களின் உள்ளடக்கத்தைப் படிக்கவே படிக்காது, சில விநாடியில் முடித்துவிடும். நடுவில் ஒரு குழாய் போட்டு 'கேட்' வழியாக அனுப்பினால்தான் உண்மையான சோதனை.

படி 9: அந்த இரவுகளின் பேக்கப் நல்லதுதானா?

சர்வர் நிலைத்ததும் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். நடுவில் செத்த டம்ப்பும் டிஸ்கில் அழகாக ஒரு ஜிஇசட் ஃபைலாக உட்கார்ந்திருக்கும். குழாயில் முதல் கட்டளை தோற்றாலும் கடைசியில் நிற்கும் ஜிஜிப் வெற்றி என்று சொல்லிவிடும். ஸ்கிரிப்டில் 'பைப்ஃபெயில்' போடாவிட்டால் தெரியவே தெரியாது. 'ஜிஜிப் மைனஸ் டி' சோதனையும் தேறிவிடும், ஏனென்றால் வந்தவரைக்கும் அது ஒழுங்காகத்தான் சுருக்கியிருக்கிறது. கடைசி வரியைப் பாருங்கள். மைஎஸ்க்யூஎல்டம்ப் முழுதாக முடித்தால் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று எழுதிவிட்டுத்தான் போகும். அது இல்லாத ஃபைல்களை இன்றே தனியாக ஒதுக்குங்கள்.

2017 ஜனவரி 31 அன்று, ப்ரோக்ராமர்களின் கோடுகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸின் தரவை அழித்தபோது, தினசரி டம்ப்பைத் தேடினார்கள். போஸ்ட்க்ரெஸ் டேட்டாபேஸின் டம்ப் கருவியான பிஜிடம்ப்பின் 9.2 பதிப்பு 9.6 டேட்டாபேஸோடு மோதித் தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள், அனுப்புநரைச் சரிபார்க்கும் டிமார்க் சோதனையில் நிராகரிக்கப்பட்டு யாரையும் போய்ச்சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட் ஒன்றுதான் கைகொடுத்தது. எனவே தோல்வி அறிவிப்பை மட்டும் நம்பாமல், வெற்றி அறிவிப்பு வராவிட்டால் கூவும் அலாரம் வையுங்கள். தனி மெஷினில் ஒருமுறை முழுதாக ரீஸ்டோர் செய்து, எத்தனை நிமிஷம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலாளி கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.

படி 2-இல் போட்ட அளவீடுகளை இப்போதே கழற்றிவிடாதீர்கள். அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு கழியட்டும்.